நூலோடு பறித்த நெத்து

மாலா கட்டாத நூல்களெல்லாம் பந்தலில் தொங்கின.

பையை வாசலிலேயே போட்டுவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்கு ஓடிவந்தவள், மொச்சைப் பந்தலடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். மகள் அபியை வேலூரில் ஆஸ்பத்திரி வேலையில் சேர்த்து, ஹாஸ்டல் பார்த்து, பாயும் வாளியும் கொசுவலையும் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் இங்கே யார் யாரோ வந்து கைவரிசை காட்டியிருக்கிறார்கள். சந்துப்பக்கம் மதிலுக்கு மேல் சரிந்து கிடந்த கொடியில், கை எட்டின இடமெல்லாம் சிவப்பு நூல். பிஞ்சுக்குப் பிஞ்சு நூல். ஒரு காம்பில் மஞ்சள் கிழங்கு ஒன்றையும் சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"ஏங்க! இங்க வாங்களேன்!"

ராஜவேல் பல் விளக்கிக்கொண்டே வந்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். காலையில் அவனுக்குப் பேச நேரம் இருக்காது.

"இன்னா?"

"யாருங்க இதெல்லாம் கட்டினது?"

"தெருப் பொம்பளைங்கதான். நீ போன மறுநாளே ஆரம்பிச்சிட்டாங்க. கோயிலுக்குப் போவசொல்ல ஒரு முடிச்சி, வரசொல்ல ஒரு முடிச்சி. நான் இன்னாத்த கண்டேன்? நீதான் கட்டச் சொல்லிட்டுப் போயிருக்கேன்னு நெனச்சேன்."

மாலா முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். அவள் கட்டிய நூல் எது, அவர்கள் கட்டிய நூல் எது? பார்த்தால் தெரியவில்லை. ஒரே சிவப்பு, ஒரே முடிச்சு. பூக் கட்டுகிற கை அவளுடையது என்றால், அந்தத் தெருவில் பாதிப்பேருக்கும் அதே கைதான். நெல்லித்தோப்புக் கடைக்கு மல்லிகை கட்டிக் கொடுக்கிற வீடுகள் அங்கே வரிசையாக இருந்தன.

நூலில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்த வீட்டுப் பிழைப்பே அந்த வருஷம் அந்த நூலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

கருவடிக்குப்பத்துக்கு வடக்கே செம்மண் மேட்டில் ராஜவேலுக்கு அரைக்காணி நிலம். கிணறு கிடையாது, வானம் பார்த்த பூமி. அதில் வருஷா வருஷம் மொச்சை போடுவார்கள். வெள்ளைப் பூ பூக்கிற மொச்சை. தை மாதத்தில் பெரிய மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனால் கூடையைக் கீழே இறக்கவிட மாட்டார்கள், அவ்வளவு ருசி. ஆனால் மகா ரோஷக்காரச் செடி. பூவெடுக்கிற நேரத்தில் ஒரு மழை தவறினால் போதும், பூவெல்லாம் கொட்டிவிட்டு மொட்டைக் கொடியாக நிற்கும். முன்பெல்லாம் எப்போதாவது அப்படி நடக்கும். இப்போதோ ஐப்பசியில் தெருவே மிதக்கிற மாதிரி கொட்டிவிட்டு, கார்த்திகை பிறந்ததும் வானம் கையைக் கழுவிவிடுகிறது. இந்த வருஷமும் அப்படித்தான். நிலத்து மொச்சை மொத்தமும் பூவோடு கருகிப்போனது.

இதற்கு ஒரு வழி பண்ணத்தான் லினெட் வந்திருந்தாள். டவுனில் சின்னதாக ஒரு பயிர் ஆராய்ச்சி நிலையம், அதில் வேலை. செஞ்சிப் பக்கத்துப் பாறைக்காட்டிலிருந்து ஒரு மொச்சை கொண்டுவந்தாள். ஊதாப் பூ, ஊதாத் தண்டு. கல்லிடுக்கில் நட்டாலும் வாடாமல் காய்க்கும். வாயில்தான் வைக்க முடியாது, கசப்பும் நாரும். அதன் மகரந்தத்தை எடுத்து நம் வெள்ளைப் பூ மொச்சையில் சேர்த்து, வருகிற விதையைப் போட்டு, அதன் பிள்ளைகளில் வறட்சியைத் தாங்குவதையும் ருசியாக இருப்பதையும் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தால், மூன்று நாலு வருஷத்தில் கிணறில்லாத வீட்டுக்கெல்லாம் ஒரு விதை கிடைக்கும். இதுதான் அவள் கணக்கு. நிலத்தில் ஆடு மாடு தொல்லை என்பதால் தாய்க்கொடியை மாலா வீட்டுப் பந்தலில் ஏற்றினார்கள். பூவைத் தொடுகிற வேலையை மாலாவிடமே விட்டாள் லினெட்.

மாலா அதை ரசித்துச் செய்தாள். மறுநாள் விரியப்போகிற மொட்டை முதல் நாள் சாயங்காலமே மெல்லப் பிரித்து, முள் எடுக்கிற இடுக்கியால் உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். விடிந்ததும் செஞ்சிப் பூவைக் கொண்டுவந்து அதன் பொடியை இதன் முனையில் தடவ வேண்டும். தடவிய பூவுக்கு அடையாளமாக ஒரு சிவப்பு நூல். கையில் வேறு பூவின் பொடி இருக்கக் கூடாது என்பதால் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வருவாள். மூச்சுக் காற்றில் பொடி பறந்துவிடக் கூடாது என்று வாயைச் சுற்றித் துணி கட்டிக்கொள்வாள்.

மார்கழி மாசம். விடியற்காலை. ஈரத்தலை. சாமிக்குப் படைக்கிற பூசாரி மாதிரி வாயில் துணி. பூவுக்கு முன்னால் மூச்சடக்கி நின்று சிவப்பு நூல் கட்டுகிற பொம்பளை. சந்து வழியாக அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் வேறு என்னதான் நினைப்பார்கள்?

பக்கத்து வீட்டு மணியம்மாள் ஒருநாள் மதிலுக்கு அந்தப்பக்கம் நின்று கேட்கவும் செய்தாள். "இன்னா மாலா, தெனமும் நூலு?"

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் எதைச் சொல்வது? ஆண்பாகத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அசலூர்ப் பூவை இதனோடு சேர்க்கிறேன் என்று அம்மா வயசுப் பொம்பளையிடம் எந்த வாயால் சொல்வது? மாலாவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "ஒரு வேண்டுதல்னு வெச்சிக்குங்களேன் அக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். அதற்கு அடுத்த வாரமே அபிக்கு வேலை கிடைத்துவிட்டது. தெருவுக்கு அது போதாதா!

*

கிறிஸ்துமஸ் லீவு முடிந்து லினெட் அன்று சாயங்காலம் ஸ்கூட்டியில் வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பந்தலைப் பார்த்தபடி நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா இது!"

மாலா நடந்ததைச் சொன்னாள். வேண்டுதல் என்று சொன்னதையும் மறைக்கவில்லை. திட்டட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

லினெட் திட்டவில்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். "எம்மேலயும் தப்பு இருக்குதுக்கா. அட்டையில எழுதி மாட்டியிருக்கணும். பனியில ஊறிப்போவுது, நூலே போதும்னு நான்தானே சொன்னேன்."

"நான் கட்டினது கொஞ்சம் வெளுத்திருக்கும் மேடம். பாத்துப் பாத்து எடுத்துட மாட்டேனா?"

"பாருங்க, கீழ எவ்ளோ நூல் கெடக்குதுன்னு. வெளுத்தத அவுத்துட்டுப் புதுசு கட்டியிருக்காங்க."

மாலா குனிந்து பார்த்தாள். மண்ணில் நைந்த நூல் துண்டுகள் மண்புழு மாதிரி கிடந்தன. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"மறுபடியும் தடவிடலாம் மேடம். இன்னும் மொட்டு இருக்குதே."

"தடவறதுக்கு செஞ்சிப் பூ எங்கக்கா?"

அதுவும் உண்மைதான். அப்பன் செடிகள் நிலத்து வரப்போரமாக இருந்தன. மாலா வேலூர் போயிருந்தபோது, கருகின நிலம் சும்மா கிடக்கிறதுதானே என்று ராஜவேல் ஆடு மேய்க்கிறவர்களுக்கு நிலத்தைத் திறந்துவிட்டிருந்தான். கருகினதை விட்டுவிட்டு ஆடுகள் பச்சையாக நின்ற செஞ்சி மொச்சையைத்தான் முதலில் தின்றன. இனி விதை போட்டு அது பூப்பதற்கு அடுத்த கார்த்திகை வந்துவிடும்.

"காயை ஒடைச்சிப் பாத்தா தெரியாதா மேடம்?"

"தெரியாது. விதைத் தோலு தாயோடது. உள்ள யாரு புள்ளன்னு மொளைச்சாத்தான் தெரியும். வெள்ளைப் பூவோடதா இருந்தா தண்டு பச்சையா வரும். செஞ்சி சேந்திருந்தா ஊதாவா வரும். தடவின பூவுல முக்காவாசி காய் பிடிக்காமலே கொட்டியிருக்கும். மிச்சம் எதுன்னு தெரிய, நூல் கட்டின அத்தனையையும் நெத்தாக்கி, அத்தனையையும் போட்டுப் பாக்கணும். ஒரே ஒரு செடி ஊதாவா வந்தாப் போதுங்க்கா. அதுலேந்து அடுத்த வருஷம் படி வெதை எடுத்துடலாம்."

அன்று சாப்பிடும்போது மாலா இதையெல்லாம் ராஜவேலிடம் சொன்னாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. அவன் பாதியிலேயே கையை நிறுத்தினான்.

"மாலா, நான் ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. சவுக்கு போட்டுட்றேன்."

"சவுக்கா?"

"நட்டுட்டு வந்துட்டா அது பாட்டுக்கு வளரும். மழை பேஞ்சா இன்னா, பேயாட்டி இன்னா. வேன் ஓட்டிட்டு வந்து மானத்தப் பாத்துக்கினு என்னால உக்கார முடியல. ரெண்டு வருஷமா ஒழுங்கா தூங்கறனா நான்?"

"சவுக்கு போட்டா அஞ்சு வருஷத்துக்கு நெலத்துல வேற ஒண்ணும் பண்ண முடியாதுங்க. அந்த மேடம் வேற எங்க போயி இந்த வெதையைப் போடும்?"

"எங்கியாச்சும் போடட்டும். நம்ம தலையிலதான் விடியணுமா?"

இத்தனை வருஷமும் மாலா கட்டிய பூ எல்லாம் மறுநாள் வாடிக் குப்பைக்குப் போனது. இந்த ஒரு பூதான் வாடி விதையாகிற பூ. தான் தொட்ட ஒன்று பத்து வீட்டு மண்ணில் முளைக்கப்போகிறது என்று நினைத்து அவள் ரகசியமாகச் சந்தோஷப்பட்டிருந்தாள். அதை எப்படி ஆம்பளையிடம் விளக்குவது? குழம்பை ஊற்றிவிட்டு எழுந்து போனாள்.

*

தை பிறந்து பொங்கல் போனது. பந்தலில் காய்கள் முற்றிக் காய்ந்து நெத்தாகிக்கொண்டு வந்தன. சந்தில் போகிறவர்கள் இப்போது பந்தலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள். சொல்தா வீட்டு ஸ்டெல்லாமேரி கூட, அவள் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற வழியில் நின்று ஒரு நூல் கட்டிவிட்டுப் போனாள். மாலா பார்த்துவிட்டாள்.

"நீங்களுமாக்கா?"

"ஏன், நாங்க வேளாங்கண்ணில நூலு கட்டறதில்லியா? மாதா இன்னா இங்க வரமாட்டாங்களா?"

மாலா சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

மணியம்மாள் மட்டும் தினமும் வந்தாள். அவள் மகன் அன்பழகன் குவைத்தில் கட்டட வேலையில் இருந்தான். மார்கழி நடுவிலிருந்து அவனிடமிருந்து ஒரு போன் இல்லை, ஒரு செய்தி இல்லை. கூடப் போனவர்களைக் கேட்டால், வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று ஒருத்தன் சொன்னான். தெரியாது என்று இன்னொருத்தன் சொன்னான். மணியம்மாள் மதிலோரம் நின்று, அவனுக்கு அனுப்பின வாட்ஸ்அப் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கச் சொல்லிப் போனை மாலாவிடம் நீட்டுவாள்.

"பாரு மாலா, ரெண்டு டிக்கு வந்துடுச்சா?"

"ஒண்ணுதான் அக்கா இருக்குது."

"கண்ணு தெரியல எனக்கு. நல்லாப் பாரேன்."

"ஒண்ணுதான்."

"சரி. நாளைக்கு வரும்."

இந்த நேரத்தில்தான் வங்காள விரிகுடாவில் காற்றழுத்தம் என்று டிவியில் சொன்னார்கள். பூவெடுக்கிறபோது வராத மழை, நெத்துக் காய்கிறபோது வரப்போகிறதாம்! காய்ந்த நெத்தில் மழை இறங்கினால் கொடியிலேயே பூசணம் பூத்துவிடும். லினெட் போன் பண்ணினாள். "அக்கா, இன்னிக்கே பறிச்சிடுங்க. நான் கெளம்பி வந்துக்கிட்டே இருக்கேன்."

காலையிலேயே காற்று மாறிவிட்டது. கடல் பக்கத்திலிருந்து ஈரக்காற்று வீசியது. மாலா முறத்தை எடுத்துக்கொண்டு பந்தலுக்குப் போய் முதல் நெத்தில் கை வைத்தாள்.

"கைய எடு!"

மதிலுக்கு மேல் மணியம்மாளின் முகம் தெரிந்தது. அப்படி ஒரு குரலில் அவள் பேசி மாலா கேட்டதில்லை.

"இன்னா காரியம் பண்ற? நடக்கறதுக்கு முன்ன நூல அவுக்கலாமா? எம் புள்ள அங்க எந்த நெலமையில கெடக்கறானோ!"

"அக்கா, மழை வருது. நெத்து அழுவிடும்."

"அழுவட்டும். நான் கட்டினது அழுவாது."

குரல் கேட்டு இரண்டு மூன்று பேர் சந்தில் கூடிவிட்டார்கள். ஸ்டெல்லாமேரி மார்க்கெட் கூடையோடு வந்து நின்றாள். வேனை விட்டுவிட்டு வந்த ராஜவேல், "அவ பந்தலு, அவ காயி. நீங்க யாரு வாணான்னு சொல்றதுக்கு?" என்று பாய்ந்தான். மாலா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். பறித்துவிடலாம், யாரும் கையைப் பிடிக்கப் போவதில்லை. பறித்த பிறகு குவைத்திலிருந்து ஒரு கெட்ட செய்தி வந்தால்? ஆயுசுக்கும் மணியம்மாள் இந்த மதிலுக்கு அந்தப்பக்கம் இருப்பாள். ஆயுசுக்கும் மாலா இந்தப்பக்கம் இருக்க வேண்டும்.

முறத்தைக் கீழே வைத்தாள். வெட்கத்தையும் சேர்த்து வைத்தாள்.

"அக்கா, இது வேண்டுதல் இல்ல. நான் பொய் சொல்லிட்டேன்."

சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் வந்துவிட்டது. மொட்டைப் பிரிப்பது, ஆண்பாகத்தைக் கிள்ளிப் போடுவது, செஞ்சிப் பூவைக் கொண்டுவந்து தடவுவது, வாயில் துணி எதற்கு, நூல் எதற்கு, ஒன்றையும் விடவில்லை. ஸ்டெல்லாமேரி கூடையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"அடி பாவி! ஊட்டுக்காரன வெரட்டிட்டு செஞ்சிலேந்து மாப்ள கொண்டாந்தியா? அதுக்கா நாங்க சூடம் ஏத்தினோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். ராஜவேல்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். மணியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப அபிக்கு வேலை கெடைச்சது?"

"அது அவ படிச்சா, கெடைச்சுது அக்கா."

"அப்ப நான் கட்டினது?"

இல்லை என்று மாலா எப்படிச் சொல்வாள்? உண்டு என்றும் சொல்லக் கூடாது. அது இரண்டாவது பொய். பெரிய பெரிய தூறலாக நாலைந்து விழுந்து சுவரில் பொட்டு வைத்தது.

மணியம்மாள் வானத்தைப் பார்த்தாள். பந்தலைப் பார்த்தாள். "பறி" என்றாள். "ஆனா நூல அவுக்காத. நூலோட பறி. எந்த நெத்துல எந்த நூலோ, அதோடயே நட்டு வையி. நீ எதுக்குக் கட்டினியோ எனக்குத் தெரியாது. நான் எம் புள்ளைக்குத்தான் கட்டினேன். அது மொளைக்கணும். மொளைக்காட்டி நான் உன்னத்தான் வந்து கேப்பேன்."

"சரி அக்கா" என்றாள் மாலா. சொன்ன பிறகுதான் என்ன சொல்லியிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

சந்தில் நின்றவர்கள் எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். முந்தானையில், முறத்தில், மார்க்கெட் கூடையில் என்று கைக்கு வந்ததில் பறித்துப் போட்டார்கள். லினெட்டும் வந்து சேர்ந்துகொண்டாள். "இந்த நெத்து மட்டும் ஏன் இப்படிச் சூம்பியிருக்குது?" என்று ஸ்டெல்லாமேரி ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். "அது என்னுது, குடு" என்று வாங்கித் தனியாக முடிந்துகொண்டாள் மணியம்மாள். கடைசி நெத்தைக் கிள்ளிக்கொண்டு உள்ளே ஓடும்போது மழை கொட்ட ஆரம்பித்தது.

*

நெத்துக்கு ஒரு பை என்று கறுப்புப் பைகளில் செம்மண்ணும் எருவும் நிரப்பி விதைத்தார்கள். ஒவ்வொரு பையிலும் ஒரு குச்சி, குச்சியில் அந்தந்த நூல். மணியம்மாளின் சூம்பிய நெத்தில் இரண்டே விதைதான் இருந்தன. செஞ்சிப் பூ சேர்ந்த காயில் சில சமயம் விதை குறைவாகப் பிடிக்கும் என்று லினெட் சொன்னாள். உடனே, "பூச்சி குத்தினாலும் அப்படித்தான் இருக்கும் அக்கா, இப்பவே ஆசைப்படாதீங்க" என்றும் சொன்னாள்.

மழை நின்ற மறுநாள் ராஜவேல் சவுக்குக் கன்றுகளைக் கொண்டுவந்து கொல்லையில் அடுக்கிவிட்டான். நிலத்தில் நல்ல ஈரம் இருந்தது. இந்த ஈரம் காய்வதற்குள் நட்டுவிட வேண்டும். விட்டால் அடுத்த மழைக்கு எங்கே போவது? மொச்சைப் பைக்கும் சவுக்குக் கட்டுக்கும் நடுவே ஒற்றையடிப் பாதை அளவு இடம்தான் இருந்தது. மாலா அதில் நடந்து நடந்து தண்ணீர் தெளித்தாள்.

"ஒண்ணாச்சும் ஊதாவா வந்தா நான் சவுக்கத் தொட மாட்டேன்" என்றான் ராஜவேல். "வரலைன்னா நீ என்னைத் தடுக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

முளைக்க ஆரம்பித்தன. முதலில் ஸ்டெல்லாமேரியின் பை. மண்ணைக் கீறிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வெளியே வந்தது. பச்சை. ஸ்டெல்லாமேரி கையைத் தட்டினாள். "என்னுது வந்துடுச்சு!" அவளுக்கு என்ன, முளைத்தால் போதும். மறுநாள் இன்னும் சில. பச்சை. அதற்கு மறுநாள் வரிசையாக வந்தன. எல்லாம் தளதளவென்று நல்ல பச்சை. தெருப் பெண்கள் வந்து வந்து பார்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடு போனார்கள். மாலா ஒவ்வொரு தண்டையும் விரலால் தொட்டுத் திருப்பி, நிழலாக இருக்குமோ, மண் ஒட்டியிருக்குமோ என்று துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். தன் வாழ்நாளில் முளைத்த செடியைப் பார்த்து இப்படி வயிறெரிந்தது இதுதான் முதல் தடவை என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலத்தில் லினெட் வருவாள். இருவரும் பைகளைப் பார்ப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள்.

மணியம்மாளின் பை மட்டும் அப்படியே மூளியாகக் கிடந்தது.

அவள் தினமும் வந்து அதன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். போனை மடியில் வைத்துக்கொண்டு மண்ணையே பார்த்துக்கொண்டிருப்பாள். மாலாவுக்கு அடுப்படியிலிருந்து அவள் முதுகு தெரியும். 'நான் உன்னத்தான் வந்து கேப்பேன்' என்று சொன்னவள், கேட்காமல் இப்படி உட்கார்ந்திருப்பது கேட்பதைவிட மோசமாக இருந்தது.

"தோண்டிப் பாக்கலாமா மேடம்?" என்று மாலா லினெட்டிடம் கேட்டாள்.

"வேணாங்க்கா. உயிரு இருந்தா ஒடைஞ்சிடும்."

"ஆமா, தோண்டாத" என்றாள் மணியம்மாள், மண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. ராஜவேல் மேட்டு நிலத்துக்குப் போய்க் கையால் மண்ணைப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தான். "ஈரம் உள்ள எறங்கிடுச்சு மாலா. நாளைக்கு ஞாயித்துக்கெழம. வேன் கெடையாது. நட்டுடறேன்." மாலா தலையை ஆட்டினாள். வாக்குக் கொடுத்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவன் சவுக்குக் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தான். மாலா பார்க்கப் பிடிக்காமல் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள்.

"மாலா! மாலா! இங்க வா!"

மணியம்மாளின் குரல். மாலா சாம்பல் கையோடு ஓடினாள்.

பையில் ஒரு விதை மேலேயே அழுகிக் கிடந்தது. அதன் பக்கத்தில் மண் லேசாகத் தூக்கி, வெடித்து, வளைந்த கழுத்தோடு ஒரு தண்டு வெளியே வந்திருந்தது.

"இது ஏன் இப்படி இருக்குது?" மணியம்மாள் மாலாவின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "மத்ததெல்லாம் பச்சையா இருக்குது. இது மட்டும் அடிபட்டாப்ல கன்னிப்போயி... நல்லதா கெட்டதா? சொல்லேன்டி, நல்லதா கெட்டதா?"

நல்ல கத்தரிக்காய் நிறம். துடைக்க வேண்டிய தேவையே இல்லை. மாலா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நல்லது அக்கா" என்றாள். "நல்லதுதான் அக்கா, நல்லது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கண்ணீர் தானாகக் கொட்டியது. ராஜவேல் ஒரு கட்டுச் சவுக்கைத் தோளில் வைத்தபடி வந்து எட்டிப் பார்த்தான். பார்த்துவிட்டுப் போய், வேனில் ஏற்றியதையெல்லாம் இறக்க ஆரம்பித்தான்.

"அக்கா, உங்க நூலு எப்படி இந்த நெத்துல வந்துது?" மாலாவுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "எல்லாரும் நல்ல கொழுத்த காயாப் பாத்துக் கட்டினாங்களே."

"நானும் அப்படித்தான் கட்டலாம்னு வந்தேன். ஒரு ஓரமா இந்தப் பிஞ்சு சூம்பிக் கெடந்துது. அதும் கழுத்துல ஒரு பழைய நூலு நைஞ்சு தொங்கினு இருந்துது. யாரோ கட்டிட்டு மறந்துட்டாங்க போலன்னு நெனச்சேன். எம் புள்ளையும் அங்க இப்படித்தானே கெடக்கறான்னு..." மணியம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "அத அவுத்துட்டு என்னுதக் கட்டினேன். தப்பா மாலா?"

"தப்பில்ல அக்கா."

மணியம்மாள் மடியிலிருந்து போனை எடுத்து நீட்டினாள். கை ஆசையோடு நீண்டது. மாலா சாம்பல் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒண்ணுதான் அக்கா."

"சரி" என்றாள் மணியம்மாள். அந்த ஊதாத் தண்டைப் பார்த்தாள். "உன்னுது நடந்துடுச்சில்ல மாலா. என்னுதும் நடக்கும்."

மாலா எழுந்து உள்ளே போனாள். லினெட் கொடுத்த நூல்கண்டு சாமி மாடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு முழம் கிள்ளிக்கொண்டு வந்து, அந்தப் பைக்கு முன்னால் மண்டியிட்டாள். அந்தச் செடிக்கு இனி அடையாளம் எதுவும் தேவையில்லை. அது யார் பிள்ளை என்று அதன் நிறமே சொல்லிவிட்டது. மாலாவும் ஊரைக் கூட்டி, இது வேண்டுதல் இல்லை என்று சொன்னவள்தான். இருந்தும் மணியம்மாளின் நூலுக்கு மேலேயே இன்னொரு நூலைச் சுற்றி, முடிச்சுப் போட்டாள்.

இந்தத் தடவை அவள் வாயில் துணி கட்டிக்கொள்ளவில்லை. அன்பழகன் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது.